பதிவில் இல்லையென்றால் உண்மையிலும் இல்லையா?

"பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத நோயாளிக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம்." மருத்துவர் எழுதித் தந்த இந்த வரியை, விதிகளாக நிரல் எழுதும் கணினி மொழியான புரோலாக்கில் முதலில் இப்படித்தான் எழுதினேன்:

கொடுக்கலாம்(_நபர்) :- நோயாளி(_நபர்), \+ ஒவ்வாமை(_நபர்).

(:- குறிக்கு வலப்பக்கம் இருப்பவை எல்லாம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை என்று பொருள். _நபர் என்பது யாரையும் குறிக்கக்கூடிய மாறி. புரோலாக்கில் மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்கும், தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் அடிக்கோட்டில் தொடங்க வேண்டும்.)

வாக்கியம் அப்படியே விதியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம், சோதித்துப் பார்க்க ஒரு புதிய நோயாளியைச் சேர்த்தேன். ஒவ்வாமை உண்டா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை, அந்தக் கட்டம் காலி. நிரலோ சட்டென்று 'கொடுக்கலாம்' என்றது. எனக்குத் திக்கென்றது.

காரணம் \+ என்ற குறிதான். அது 'இல்லை' என்று சொல்வதில்லை. 'உண்டு என்று நிறுவ முடியவில்லை' என்று மட்டுமே சொல்கிறது. இதன் தர்க்க அடிப்படையை கணினி அறிவியலாளர் கீத் கிளார்க் 1978-இல் விளக்கினார். ரயில் அட்டவணைக்கு இது சரி: அட்டவணையில் இல்லாத ரயில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் கோப்பு அப்படி முழுமையானதல்ல.

இப்போதெல்லாம் ஒவ்வாமை_உண்டு, ஒவ்வாமை_இல்லை என்று இரண்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்கிறேன். இரண்டுமே இல்லாவிட்டால் நிரல் 'நோயாளியிடம் கேளுங்கள்' என்று நின்றுவிடும்.

'இல்லை' தரும் தொல்லை இதோடு முடிவதில்லை. "எல்லா மாணவர்களும் வரவில்லை" என்கிறோம். ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேச்சில் குரலும் சூழலும் காட்டிக்கொடுத்துவிடும். புரோலாக்கில் இவை இரண்டு வேறு விதிகள்:

யாருமே_வரவில்லை :- \+ (மாணவர்(_ஒருவர்), வந்தார்(_ஒருவர்)).

ஒருவராவது_வரவில்லை :- மாணவர்(_ஒருவர்), \+ வந்தார்(_ஒருவர்).

குறி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பொருளோ வேறு. 1972 வாக்கில் பிரான்சின் மார்செய் நகரில் கணினி அறிவியலாளர் ஆலன் கோல்மரோவரும் அவர் குழுவினரும் புரோலாக்கை உருவாக்கியதே பிரெஞ்சு வாக்கியங்களின் பொருளைக் கணினியில் கையாளத்தான். ஆனாலும் இந்த இரண்டில் எது என்று அந்த மொழி நமக்குச் சொல்லாது, எழுதியவருக்குத்தான் தெரியும்.

அதனால் விதிகளை எழுதி முடித்ததும், ஒவ்வொன்றையும் மறுபடி பேச்சுத் தமிழில் எழுதி, வாக்கியத்தைத் தந்தவரிடம் படித்துக் காட்டுகிறேன். "ஒவ்வாமை பற்றி எதுவும் தெரியாதவருக்கும் கொடுக்கலாம், இதைத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டதுமே அந்த மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார்.