குழந்தையின் கண் பிதுங்கினால் மூக்கையும் பாருங்கள்

ஒரு கண் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, மூக்குத்தண்டு அகலமாகிவிட்டது என்று பிள்ளையை அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஈஎன்டி பக்கம் வருகிறார்கள். மூக்கடைப்பு உண்டா என்றால், "அது எப்பவுமே இருக்கு டாக்டர், டஸ்ட் அலர்ஜி" என்பார்கள். அந்த 'எப்பவுமே'யில்தான் விஷயம் இருக்கிறது.

காற்றில் வரும் பூஞ்சைத் துகள்களுக்குச் சில பிள்ளைகளின் உடல் அளவுக்கு மீறி ஒவ்வாமை காட்டும். மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களுக்குள் சளி கெட்டியாகத் தேங்கும், சதையும் வளரும். இதைத்தான் ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய் என்கிறோம். வெளியேற வழியில்லாமல் சேரச் சேர சைனஸ் அறை உப்பி, மெல்லிய எலும்புச் சுவரைக் கண் பக்கமோ மூளைப் பக்கமோ தள்ளுகிறது. பிள்ளைகளின் எலும்பு இளசு. அதனால் முக அமைப்பு மாறுவது பெரியவர்களைவிட அவர்களிடம்தான் அதிகம்.

பூஞ்சை என்றதும் 2021-இல் கேள்விப்பட்ட கறுப்புப் பூஞ்சை நினைவுக்கு வந்து பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். இது அதுவல்ல. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து திசுவைச் சாகடிப்பது, சில நாட்களிலேயே பரவுவது. இது சளியோடு நின்றுவிடும். ஸ்கேனில் எலும்பு அரித்ததுபோல் தெரிவது, உள்ளிருந்து வரும் அழுத்தத்தால்.

முதலில் சிடி ஸ்கேன் வேண்டும். எம்ஆர்ஐயில் இந்தக் கெட்டிச் சளி, காற்றைப் போலவே கறுப்பாகத் தெரியும். அதை மட்டும் பார்த்தால் சைனஸ் காலியாக இருப்பதாக ஏமாறலாம். கண், மூளைப் பக்கச் சுவர் மெலிந்திருந்தால் இரண்டுமே தேவை.

அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் முகத்தில் கத்தி படாது. முழு மயக்கத்தில், நாசி வழியாக எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) செலுத்திச் சதையை அகற்றி, சைனஸ் வாயை அகலப்படுத்துவோம். வேர்க்கடலை விழுதுபோல் பழுப்பாக ஒட்டிக்கிடக்கும் சளியை மிச்சமில்லாமல் எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். உப்பிய அறையில் கருவி நுழைய இடம் தாராளம், அந்த வகையில் வசதிதான். ஆனால் எலும்பு தேய்ந்த இடத்தில் மறுபுறம் கண்ணையோ மூளையையோ மூடியிருக்கும் சவ்வு நேரடியாக நிற்கும். அங்கே அவசரம் கூடாது. கண்ணுக்கெனத் தனி ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அழுத்தம் விலகியதும் கண் மெல்ல உள்ளே போகும், எலும்பும் மாதக்கணக்கில் ஓரளவு சீராகும். முக வளர்ச்சி தடைபடுமோ என்று பயப்படுகிறார்கள்; நீண்டகால ஆய்வுகளில் அப்படிக் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை.

அப்புறம்தான் பெரிய வேலை. ஆபரேஷன் ஒவ்வாமையை மாற்றாது, நோய் திரும்புவது சகஜம். காய்ச்சி ஆறவைத்த நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது, ஸ்டீராய்டு ஸ்பிரே, தொடக்கத்தில் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் ஸ்டீராய்டு மாத்திரை, அவ்வப்போது எண்டோஸ்கோப் பரிசோதனை எல்லாம் உண்டு. மூச்சு நன்றாக வருகிறதே என்று ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்து மறுபடி அடைத்த மூக்கோடு வருபவர்களே அதிகம். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து நிறுத்துகிறார்கள். ஸ்பிரேயிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு.

பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கண் சிவந்து வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பார்வை நரம்பு நசுங்கிக் கிடந்தால், தாமதித்துச் செய்யும் ஆபரேஷனில் இழந்த பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.