பூஞ்சாண மருந்துக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு?

நெல்லில் இலையுறைக் கருகல் வந்தால் ஹெக்சகோனசோல், வாழையில் இலைப்புள்ளி வந்தால் புரோபிகோனசோல். தக்காளிக்கும் உருளைக்கும் மான்கோசெப். கடையில் 'எம்-45' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பூச்சி மருந்துக்குப் பயப்படுகிற அளவுக்குப் பூஞ்சாண மருந்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அடித்த அன்றே மயக்கம், வாந்தி என்று படுக்க வைப்பது அபூர்வம். ஆனால் இவற்றில் சில, சத்தமில்லாமல் ஹார்மோன்களின் வேலையில் கை வைக்கக்கூடியவை.

பரிணாம வழியில் பார்த்தால் பூஞ்சாணம் செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். நம் செல்சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுவதுபோல் அதற்கு எர்கோஸ்டெரால் தேவை. எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதி ஒன்றின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. 'கோனசோல்' என்று பெயர் முடியும் மருந்துகளின் மூலக்கூறு வளையத்தில் உள்ள நைட்ரஜன் அணு, நேராகப் போய் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நொதி நின்றுபோகும், சவ்வு கெடும், பூஞ்சாணம் வளர முடியாது.

சரி, நமக்கு என்ன? அதே மாதிரி இரும்பு பொதிந்த நொதிகள் மனித உடலில் 57 வகை உண்டு. அவற்றில் சில, கொலஸ்ட்ராலிலிருந்து கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றைப் படிப்படியாகச் செய்கின்றன. வயல் மருந்துகள் பூஞ்சாண நொதியைத்தான் இறுக்கமாகப் பற்றும். ஆனாலும் அளவு கூடினால் நம் நொதிகளையும் தொடும்.

இதற்கு மருத்துவமே சாட்சி. மனிதருக்கு வரும் பூஞ்சாணத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கியது. டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது என்று தெரிந்ததும், அதையே கூடுதல் அளவில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். குழந்தைப்பேறு சிகிச்சையில் இன்று சகஜமாகத் தரப்படும் லெட்ரோசோலிலும் வயல் மருந்துகளில் உள்ள அதே டிரையசோல் வளையம்தான். டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியை அது தடுக்கிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும் வேலையை, வயலில் யாரும் கேட்காமலே இந்த ரசாயனங்கள் செய்யக்கூடும் என்பதே கவலை.

வின்க்ளோசோலின் என்ற பூஞ்சாண மருந்தின் வழி வேறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திராட்சைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் அடித்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் எர்ல் கிரே, வில்லியம் கெல்ஸ் குழுவினர் 1994-இல் இதைச் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த ஆண் குட்டிகளுக்கு முலைக்காம்புகள் மறையாமல் நின்றன. சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருந்தது. மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள், ஆண் ஹார்மோன் அமர வேண்டிய ஏற்பியைப் பிடித்துக்கொள்கின்றன. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைத்த மாதிரி: அதுவும் வேலை செய்யாது, வேலை செய்ய வந்த ஹார்மோனுக்கும் இடம் கிடைக்காது. கரு ஆணாக உருவெடுக்கும் நாள்கள் கொஞ்சம்தான். அப்போது தவறியதைப் பிறகு எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது.

மான்கோசெப் குறி வைப்பது தைராய்டை. அது சிதைந்து எத்திலீன் தயோயூரியா ஆகிறது. அயோடினைத் தைராய்டு ஹார்மோனில் சேர்க்கும் நொதியை இந்தப் பொருள் தடுக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே நடக்கிறது. கோஸ்டா ரிகாவில் வாழைத் தோட்டங்கள் மேல் விமானத்திலிருந்து மான்கோசெப் தூவுகிறார்கள். அங்கே மாட்டினா பகுதியில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்தபோது, தோட்டத்துக்கு அருகில் குடியிருந்தவர்களிடம் எத்திலீன் தயோயூரியா கூடுதலாகவே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இந்தியாவில் அது தாராளமாகக் கிடைக்கிறது.

எலிக்குக் கொடுத்த அளவு, நம் தட்டுக்கு வரும் எச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் தக்காளியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் அனுமதி தரும்போது பெரும்பாலும் ஒவ்வொரு மருந்தையும் தனியாகத்தான் சோதிக்கிறார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் மான்கோசெப், டெபுகோனசோல், புரோகுளோராஸ் உள்ளிட்ட ஐந்து பூஞ்சாண மருந்துகளைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, தனித்தனியே பெரிதாக எதுவும் செய்யாத அளவுகள் ஒன்றுசேர்ந்து குட்டிகளைப் பாதித்தன.

என் கவலை முதலில் உண்பவரைப் பற்றியதல்ல, வெறுங்கையால் மருந்தைக் கலக்குபவர், தெளித்த மறுநாளே களையெடுக்க இறங்கும் பெண்கள் பற்றியது. அதில் யாராவது மூன்று மாதக் கர்ப்பிணியாக இருக்கலாம். வீட்டைப் பொறுத்தவரை, மான்கோசெப் பெரும்பாலும் காயின் மேற்பரப்பில்தான் படிந்திருக்கும். தேய்த்துக் கழுவினால் நிறையப் போய்விடும். கழுவாமல் வேகவைத்தால் அந்தச் சூட்டிலேயே அது எத்திலீன் தயோயூரியாவாக மாறும். எனவே கழுவுவது அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.