பழைய கிராபிக்ஸ் கார்டில் தேய்வது எது?

சென்னை ரிச்சி தெருவில் கணினி உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. கண்ணாடி அலமாரிக்குள் உறை பிரிக்காத ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஒன்று நிற்கும். நாலு கடை தள்ளி, முந்தைய தலைமுறையைச் சேர்ந்த, அட்டைப்பெட்டி இல்லாத ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று குமிழி உறையில் சுற்றியபடி கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். "மைனிங்ல ஓடினதா அண்ணா?" என்று வாங்க வந்தவர் கேட்பார். "இல்ல தம்பி, வீட்ல கேம் ஆடினதுதான்" என்று கடைக்காரர் சொல்வார். மைனிங் என்பது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காகக் கார்டை இரவும் பகலும் கணக்கிட வைப்பது. பதில் உண்மையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கேள்வி நாம் நினைக்கும் அளவுக்குப் பயனுள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

கார்டின் நடுவில் இருக்கும் சிலிக்கான் சில்லு அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. அதனுள் ஓடும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்களின் உந்துதலால் உலோக அணுக்கள் மிக மெதுவாக இடம்பெயர்வது உண்மைதான். மின்னழுத்தமும் வெப்பமும் கூடக்கூட இந்த இடப்பெயர்ச்சியும் வேகமெடுக்கும். ஆனால் தயாரிப்பாளர்கள் இதைக் கணக்கில் கொண்டே மின்னழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். ஆகவே சாதாரணமாகப் பயன்படுத்தப்பட்ட கார்டு ஒன்றில், சில்லு சாவதற்கு வெகுமுன்பே அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று செத்துவிடுகிறது.

அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் சால்டர் இணைப்பு, அதாவது சில்லைப் பலகையோடு ஒட்டவைக்கும் உருகு உலோகம். சில்லின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவிலான சால்டர் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நினைவகச் சில்லுகளும் அவ்வாறே சிறு உருண்டைகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. சிலிக்கான் ஒரு டிகிரி சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரிகிறது; அதைத் தாங்கும் பலகையோ 15 பங்கு அளவுக்கு விரியக்கூடியது. 15 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு ஒன்று 50 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், சில்லு 2 மைக்ரானுக்குச் சற்று அதிகமாக விரியும்போது அடியில் உள்ள பலகை 11 மைக்ரான் விரிந்துவிடுகிறது. இடையில் மாட்டிக்கொண்ட சால்டர் இந்த வேறுபாட்டைத் தன் உடம்பை வளைத்துச் சமாளிக்க வேண்டும். சில்லின் அடியில் பசை நிரப்பி இந்த இழுவையைக் குறைக்கிறார்கள் என்றாலும், அது முற்றிலும் மறைவதில்லை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதைப் போல, ஆயிரக்கணக்கான தடவை சூடேறி ஆறிய சால்டரில் மயிரிழை விரிசல் விழுகிறது.

இப்போது மைனிங் கேள்விக்குத் திரும்பலாம். சால்டரைக் களைப்படையச் செய்வது சூடு ஏறி இறங்கிய எண்ணிக்கையும் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவும்தான். மாலையில் இரண்டு மணி நேரம் ஆடி, அணைத்து, இரவில் மீண்டும் போடும் விளையாட்டுக்காரரின் கார்டு நாள்தோறும் பலமுறை 35 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்குகிறது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிய கார்டோ மாதக்கணக்கில் ஒரே வெப்பநிலையில், அதுவும் மின்செலவை மிச்சப்படுத்துவதற்காகத் திறன் குறைக்கப்பட்ட நிலையில், ஓடியிருக்கக்கூடும். சால்டரைப் பொறுத்தவரை இரண்டாவது கார்டே நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் வழிமுறையை மாற்றிக்கொண்டதால் கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு அதைத் தோண்டும் வேலை ஒரே நாளில் முடிவுக்கு வந்து, அந்தக் கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தையில் கொட்டின. அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது தேவையற்ற பயம் என்றே நான் கருதுகிறேன்.

மைனிங் வேறு இடத்தில் அடிக்கிறது. ஓராண்டு இடைவிடாது ஓடிய கார்டின் விசிறி 8,760 மணி நேரம் சுழன்றிருக்கும்; பேரிங்கின் மசகு வற்றி, இதழைத் தொட்டால் ஆடும். எத்தீரியக் கணக்கீடு நினைவகத்தைத்தான் கசக்கிப் பிழியும் என்பதால் நினைவகச் சில்லுகள் கூடுதல் சூட்டில் கிடந்திருக்கும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 100 டிகிரியைத் தாண்டி ஓடியதுண்டு. 3090-இல் பாதிச் சில்லுகள் பலகையின் பின்புறம், நேரடிக் காற்று படாத பக்கத்தில் இருக்கின்றன. 3060-இல் இருப்பது அவ்வளவு சூடாகாத ஜிடிடிஆர்6. நினைவகத்துக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பாளமான ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள மெத்தை போன்ற தெர்மல் பேட் நீண்ட சூட்டில் எண்ணெய் கசியும். பலகையின் ஓரத்தில் விரலை வைத்தால் ஒட்டும் பிசுக்கு அதுதான். பேட் மாற்றினால் தீரும் குறை அது. விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. ஆனால் நினைவகச் சில்லின் ஓரங்களில் பழுப்புக் கறை படிந்திருந்தால், யாரோ ஹீட் கன் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். விரிசல் விட்ட இணைப்பு அந்தச் சூட்டில் தற்காலிகமாகச் சேர்ந்து சில வாரம் ஓடும். பிறகு மீண்டும் விட்டுப்போகும்.

புதிய கார்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டியும் உண்டு. ஆயினும் புதியது என்பதால் மட்டும் வேகமானதாகிவிடாது. 2021-இல் வந்த 3060-க்கு 12 ஜிபி நினைவகம். 2023-இல் வந்த 4060-க்கு 8 ஜிபிதான். விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் அந்த 8 ஜிபிக்குள் அடங்கும்வரை 4060 முந்தும். நிரம்பி வழிந்தால், மீதியைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து மதர்போர்டு வழியாக அள்ளிவர வேண்டும். கார்டின் சொந்த நினைவகம் வினாடிக்கு 272 ஜிபி தரும் இடத்தில், அந்த வழியே அதிகபட்சம் 16 ஜிபிதான் வரும். உங்கள் மதர்போர்டில் கார்டை இணைக்கும் வழி பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 ஆக இருந்தால் அதுவும் 8 ஜிபியாகச் சுருங்கும். ஏனெனில் 4060-க்கு 8 தடங்கள் மட்டுமே உள்ளன, 3060-க்கு 16. பழைய கணினிக்கு உயிர்கொடுக்க நினைப்பவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 3060 என்ற அதே பெயரில் 2022-இல் 8 ஜிபி வடிவமும் வந்தது. அதன் நினைவக வேகம் மூன்றில் இரண்டு பங்கே என்பதால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

மறுபுறம், விளையாட்டின் காட்சிகளுக்கு நடுவே இடைச்சட்டங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 வசதி 4060-க்கு உண்டு, 3060-க்கு இல்லை. 4060-இன் மின்தேவை 115 வாட், 3060-க்கு 170. நாளுக்கு 4 மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 13 யூனிட் வித்தியாசம். ரீடிங் எடுக்கும்போது 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில் இந்தப் பதின்மூன்றே கட்டண அடுக்கை மாற்றிவிடலாம்.

பழையதைத் தேர்ந்தால், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பெயரும் நினைவக அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மலிவுக் கார்டின் உள்நிரலான பயாஸை மாற்றி விலையுயர்ந்த பெயர் சூட்டும் மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. பிறகு 20 நிமிடம் கனமான விளையாட்டை ஓடவிட்டு, சில்லின் சராசரி வெப்பநிலைக்கும் அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 15 டிகிரி இயல்பு. 30-ஐத் தொட்டால், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலிருந்த பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனைக்கு முன் செய்யவேண்டிய ஒன்றைத்தான் பலர் மறக்கிறார்கள். சில விரிசல்கள் சூட்டில் விரிந்து சேர்ந்துகொள்ளும், ஆறினால் பிரியும். நான் ஒருமுறை வாங்கிய கார்டு கடையில் அரை மணி நேரம் குறையில்லாமல் ஓடியது. மறுநாள் காலை வீட்டில் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். நான் போவதற்கு முன்பே அது கடையில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, கார்டைக் கழற்றச் சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அதன் முதுகைத் தொட்டுச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டச் சொல்கிறேன்.