பச்சை உறையும் ஆறு பிஸ்கட்டும்

உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம், வீட்டில் தின்னும் பிஸ்கட்டை உறையோடு கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணி இரண்டு பாக்கெட்டுகளை மேசையில் வைத்தார். சிவப்பு உறை பிள்ளைகளுக்காம். இளம்பச்சை உறை, ஓரத்தில் இலைப் படத்தோடு, அவருக்கு. "இதில் இனிப்பே தெரியாது டாக்டர்." (நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்வது!) இரண்டையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தோம். 100 கிராமுக்கான சர்க்கரையில் 1 கிராம்கூட வித்தியாசமில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரிந்திருக்கிறது. நாக்கு அறியும் சுவையும் மூக்கு அறியும் மணமும் கண்குழிகளுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் ஒன்றுசேர்கின்றன. கண்ணும் அங்கே செய்தி அனுப்புகிறது, அதுவும் முந்திக்கொண்டு. வாயில் வைக்கும் முன்பே, இது இப்படித்தான் இருக்கும் என்று மூளை கணித்துவிடுகிறது. வந்த சுவை கணிப்பிலிருந்து சற்றே விலகினால், அதைக் கணிப்பின் பக்கமே இழுத்துக்கொள்கிறது.

படித்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை. பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வர்ணித்தார்கள் மாணவர்கள்.

அங்கே பானத்தின் நிறம் மாறியது. உறை மட்டும் மாறினாலும் போதும். 2011இல் கோக கோலா பனிக்கரடிப் பாதுகாப்புக்காக வெள்ளை நிற கேன்களை இறக்கியது. உள்ளே அதே பானம். சுவை மாறிவிட்டது என்று சிலர் புகார் சொன்னார்கள். சில வாரங்களிலேயே சிவப்பு கேன் திரும்பி வந்தது.

எலுமிச்சைக்கு மஞ்சள் உறை என்றால் எனக்கு ஆட்சேபமில்லை, தேடி எடுக்க வசதி. பச்சைதான் என்னை உறுத்துகிறது. ஒரே அளவு கலோரியைப் பச்சைப் பட்டையில் அச்சிட்டால், சிவப்புப் பட்டையில் இருப்பதைவிட அந்த மிட்டாய் உடலுக்கு நல்லது என்று மக்கள் எடைபோடுவதை 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அந்தப் பெண்மணியிடம், இரண்டு பிஸ்கட்டையும் ஒரே மாதிரி டப்பாக்களில் மகளை விட்டுக் கொட்டிவைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் வந்தார். "இரண்டும் ஒரே தித்திப்பு. பச்சைதானே என்று தினம் ஆறு தின்றுகொண்டிருந்தேன்." எந்த டப்பாவில் எது என்று கேட்டேன். மகளுக்கே மறந்துவிட்டதாம்.