தங்க மூட்டில் தங்கம் இல்லை

"இடுப்புக்குக் கீழ தங்கம் ஆகாது டாக்டர். கொலுசே வெள்ளியிலதான போடுறோம்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். வயது 68. இரண்டு மூட்டும் தேய்ந்து கால் வில்லாக வளைந்திருக்கிறது. வேறோர் இடத்தில் 'கோல்டு நீ' (Gold Knee), அதாவது பொன்னிறச் செயற்கை முழங்கால் மூட்டு, வைப்பதாகப் பேசி முடித்து, மகன் வளையலை அடகு வைத்துவிட்டார். குன்றிமணித் தங்கம்கூட இல்லாத ஒன்றுக்காக! இந்த மாதத்தில் இப்படி வந்த நாலாவது குடும்பம் இது.

அது தங்கம் இல்லை. தங்க முலாமும் இல்லை. டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த டைட்டானியம் நைட்ரைடு என்ற செராமிக் பூச்சு. அதன் இயல்பான நிறமே பொன் மஞ்சள். ஹார்டுவேர் கடையில் மஞ்சளாக மினுக்கும் டிரில் பிட் பார்த்திருப்பீர்களே, அதிலும் இதே பூச்சுதான். கனம் சில மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அடியில் இருப்பது வழக்கமான கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை.

பூச்சு ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதா? வாட்ச் பட்டை பட்ட இடம் அரித்துத் தடிக்கிறதா? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கோபால்ட், குரோமியம், நிக்கல் அயனிகள் உடம்பில் கசிவதை இந்தப் பூச்சு குறைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத் தாராளமாக யோசிக்கலாம். தயவுசெய்து அறுவைக்கு முன்பே சொல்லுங்கள், தையல் பிரிக்கும் நாளில் அல்ல.

மற்றவர்களுக்கு? "முப்பது வருஷம் உழைக்கும்" என்று சொல்லி விற்கிறார்களே, அது ஆய்வுக்கூடத்தில் எந்திரத்தில் ஆட்டிப் பார்த்த கணக்கு. அந்த எந்திரத்துக்குச் சர்க்கரை நோய் கிடையாது. பூச்சு உள்ளது, இல்லாதது என்று நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியிலோ நடையிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஆய்வின்படி, மாற்றிய முழு முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்த மினுக்கு இல்லாத சாதா மூட்டுகள்தான்.

கிருமித் தொற்றையும் இந்தப் பூச்சு தடுக்காது. சொத்தைப் பல், காலில் ஆறாத புண், ஏறிக் கிடக்கும் சர்க்கரை, இதையெல்லாம் சரிசெய்யாமல் மூட்டின் நிறத்தைப் பற்றி என்னிடம் பேச வராதீர்கள். முழங்கால் மூட்டு விலைக்கு 2017இல் அரசு உச்சவரம்பு விதித்தது. பில்லில் மூட்டு விலையைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கவரிங் கம்மலால் ஒரு தொல்லையும் இல்லை. சாதா மூட்டே போதும் என்றேன். "அப்ப வளையல மீட்டுடலாமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்புறம், மூட்டுப் பெட்டியில் லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை ஒட்டி வாங்குங்கள். போன வாரம் ஒருவர் வெறும் எக்ஸ்ரேயை நீட்டி, "எனக்கு வெச்சது கோல்டானு பாத்துச் சொல்லுங்க" என்றார். எக்ஸ்ரேயில் எல்லா மூட்டும் வெள்ளைதான்.