உங்கள் பிள்ளை ஆட்காட்டி விரலை நீட்டுகிறதா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, அப்பத்தா, இருபது மாதப் பையன். (இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்: "டாக்டர், இன்னும் பேச்சு வரல." அப்பத்தா விடவில்லை: "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். தானா வந்துரும்னு சொன்னா இவ கேக்க மாட்டேங்குறா."

நான் பேச்சைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு ஏதாச்சும் வேணும்னா எப்படிக் கேக்குறான்?" என்றேன்.

"என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான். பிரிட்ஜ் கதவுல கொண்டுபோய் என் கைய வைப்பான்."

"விரலை நீட்டிக் காட்டுவானா?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் அப்பத்தாவைப் பார்த்தார். "அதைக் கவனிச்சதில்லையே டாக்டர்."

பல் முளைத்தது எந்த மாதம் என்று கேட்டால் நம் வீடுகளில் சட்டென்று பதில் வரும். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் அடி வைத்தது எல்லாம் நாள் கிழமையோடு நினைவிருக்கும். பல் முளைத்தால் கொழுக்கட்டை செய்வோம். விரல் நீட்டிக் காட்டிய நாளுக்கு எந்தப் பலகாரமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது யார் கண்ணிலும் படாமலே போகிறது. குழந்தை மருத்துவராக என்னிடம் வரும் ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் தேடுவது அந்த விரலைத்தான்.

நடையைப் பற்றி வீட்டில் இருக்கும் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்தார்கள். சில பிள்ளைகள் எட்டு மாதத்திலேயே தனியாக நடந்திருக்கின்றன. சில பிள்ளைகள் பதினேழரை மாதம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் இயல்புதான். நூற்றில் நாலு பிள்ளைகள் தவழாமலே நடக்கப் போய்விட்டன. ஆகவே பதினான்கு மாதத்தில் நடக்கவில்லை என்று யாரும் தூக்கம் கெட வேண்டாம். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது தவறு. அதில் பிள்ளை காலால் உந்துகிறதே தவிர, எழுந்து நின்று தன் உடம்பைத் தானே தாங்கிப் பழகுவதில்லை. படியில் உருண்டு மண்டை உடைந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. திருவிழாக் கடையில் விற்கும் மர நடைவண்டி அப்படியல்ல. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் வண்டி அது. பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

சரி, விரலுக்கு வருகிறேன்.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. பிள்ளை அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டினால் "எனக்கு அது வேணும்" என்று பொருள். இது சுமார் பதினைந்து மாதத்துக்குள் வந்துவிடும். தெருவில் போகும் ஆட்டைக் காட்டிவிட்டு, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் அது வேறு. ஆடு வேண்டும் என்று அது கேட்கவில்லை. "நான் பார்த்ததை நீயும் பாரேன்" என்கிறது. இது பதினெட்டு மாதத்துக்குள் வர வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்ச நாள் கழித்து "அந்தா!" என்று கத்தும், இல்லையா? அந்தச் சொல்லுக்கு முன்னால் வருவது இந்த விரல்தான். பேச்சுக்கு வேர் நாக்கில் இருப்பதாக நினைக்கிறோம். "நாக்கு ஒட்டியிருக்கா பாருங்க டாக்டர்" என்று நாள்தோறும் கேட்கிறார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளிவாக வராமல் போகலாம், ஆனால் பேச்சே வராமல் போகாது. இன்னொருவரிடம் எதையோ சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் பேச்சின் வேர். அந்த ஆசை முதலில் தெரிவது விரலிலும் கண்ணிலும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களின் வரிசையை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலை தூக்கி ஆடுகிறது. சப்பாணியில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகையில் நடந்து வருகிறது. அதற்கு அடுத்துத்தான் அம்புலி, பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடும் பருவம். நிலாவை யாரும் கையில் வாங்கித் தர முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மொட்டை மாடியில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று நிலா காட்டிய ஒவ்வொரு அம்மாச்சியும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பபிள்ஸ் பாட்டில் இருக்கும். நாலைந்து முறை ஊதிவிட்டு, மூடியை இறுக்கி மூடி, பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். பெரும்பாலான பிள்ளைகள் மூடியைத் திருகிப் பார்க்கும், முடியாது, பாட்டிலை என்னிடமோ அம்மாவிடமோ நீட்டும், முகத்தைப் பார்க்கும். "ம்... ம்..." என்று ஒரு சத்தம் வரும். அந்த ஒரு பார்வை எனக்குப் பாதித் தகவலைச் சொல்லிவிடும். உசிலம்பட்டிப் பையன் பாட்டிலை வாங்கினான். திருகினான். கடித்துப் பார்த்தான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையை மூடிமேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் கையை விலக்கினேன். மறுபடியும் எடுத்து வைத்தான். மூன்று முறை இப்படி நடந்தது. என் கை அவனுக்கு ஒரு ஸ்பேனர் மாதிரி. அதோடு ஒரு ஆளும் இருக்கிறார் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது முறை அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு "தானா வந்துரும்" என்று அவர் சொல்லவில்லை.

இதை வைத்தே, பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்கென்று முறையான மதிப்பீடு இருக்கிறது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்காக எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதிலுள்ள 20 கேள்விகளில் மூன்று விரல் சுட்டுவதைப் பற்றியவை. அது சலித்தெடுக்கும் பட்டியல்தான், நோயை உறுதி செய்வதில்லை. ஆனால் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பயிற்சியை அன்றைக்கே தொடங்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு வயதில் பேசாத ஒரு பையனை வைத்துக்கொண்டு, "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசுவாங்க, ஆறு மாசம் பார்ப்போம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னை நம்பிப் போனார்கள். காதுகுத்து, தாய்மாமன் கல்யாணம் என்று நாள் ஓடி, திரும்பி வரும்போது பிள்ளைக்கு மூன்றே முக்கால் வயது. ஆண்பிள்ளைகள் சற்றுத் தாமதமாகப் பேசலாம் என்பது உண்மைதான், அந்த இடைவெளி ஓரிரு மாதம்தான். நான் அந்தக் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே முக்கால் வருடம். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றைக்கும் "பார்ப்போம்" என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். இதை எழுதும்போதே பல வீடுகளில் "காது நல்லாக் கேக்குது டாக்டர், தட்டைத் தட்டினா திரும்புறான்" என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. எவர்சில்வர் தட்டின் ஓசை பெரியது. தட்டுகிறவரின் நிழலும் அசையும், தரையும் அதிரும். பேச்சில் வரும் ச, த போன்ற மெல்லிய ஓசைகள் கேட்காத பிள்ளைகூடத் தட்டுக்குத் திரும்பும். மேலூர்ப் பக்கத்துப் பெண் குழந்தை ஒன்று, அம்மா கதவைத் திறந்தால் ஓடி வரும், பெயரைச் சொன்னால் திரும்பாது. திமிர் என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பெரா சோதனையில் (ஓசைக்கு காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் சோதனை) இரண்டு காதிலும் குறைபாடு தெரிந்தது. பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் முறை. சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் பிறந்த உடனேயே செவித்திறன் சோதனையை மறக்கக் கூடாது. காது இயந்திரம் போதாத பிள்ளைகளுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ அவ்வளவு பேச்சு கிடைக்கும்.

செல்போன் விஷயத்தில் நான் யாரையும் திட்டுவதில்லை. பூக்கட்டிக்கொண்டோ, கடையைக் கவனித்துக்கொண்டோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவுக்கு இரண்டு இட்லி உள்ளே போக வேண்டும் என்பதுதான் கவலை. ஆனால் போன் காட்டிய கையால் நிலா காட்ட முடியாது. போன் பேசும், பிள்ளை பதில் சொல்கிறதா என்று அது காத்திருக்காது. இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போனை நிறுத்தினால் முதல் மூன்று நாள் வீடே இரண்டுபடும். அதற்கு அப்புறம் அடங்கும்.

அடம் பிடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை தரையில் புரண்டு அழுவது, பொம்மையைப் பங்கு தராமல் பிடுங்குவது, கடிப்பது எல்லாம் அந்த வயதுக்கு உரியவைதான். ஆசை பெரிதாக வளர்ந்துவிட்டது, சொல்லத்தான் வார்த்தை இல்லை. பக்கத்தில் உட்காருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறைவாகப் பேசுங்கள். அடிக்காதீர்கள். "டாக்டர் ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்டாதீர்கள், அந்தப் பிள்ளையை நான் அடுத்த மாதம் தொட்டுப் பார்க்க வேண்டும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, சிலேட்டுக் குச்சி தின்னும் பிள்ளையைப் போட்டு அடிப்பதைக் கேள்விப்படும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சோற்றுக்குப் பதில் பாலாகவே குடிக்கும் பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் எரிச்சலும் கூடும், கற்பதும் மந்தமாகும்.

வீட்டில் பெருமையாகச் சொல்லும் ஒன்று என்னைப் பயமுறுத்தும்: "பத்து மாசம்தான் ஆகுது, எல்லாத்தையும் இடது கையாலதான் எடுக்குறா, அவ தாத்தா மாதிரி." ஒரு வயதுக்குள் எந்தக் கைப்பழக்கமும் உறுதியாகாது. அந்த வயதில் ஒரே கையைப் பயன்படுத்தினால், மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். உடனே காட்டுங்கள். அதே போல, வந்த பேச்சு நின்றுபோனால், "டாட்டா" காட்டிய பிள்ளை காட்டுவதை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

குறைமாதப் பிள்ளையாக இருந்தால் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளையின் பன்னிரண்டாம் மாதத்தைப் பத்தாம் மாதமாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு.

எங்கே காட்டுவது? தாய் சேய் நல அட்டையிலேயே எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிறார்கள். அட்டையை எடுக்கிறோம், ஊசி நாளைப் பார்க்கிறோம், மூடிவிடுகிறோம். ஒன்பதாம் மாத ஊசிக்கும் பதினாறாம் மாத ஊசிக்கும் போகும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து செவிலியரிடம் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பால்வாடியில் பெயர் போட்டிருந்தால் உங்கள் பிள்ளையும் அந்தப் பட்டியலில் வரும். சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, காது, கண் சோதனை எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது.

உசிலம்பட்டிப் பையனுக்குப் பயிற்சி தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் அப்பத்தாதான் ஆசிரியர். கேட்டதைச் சட்டென்று எடுத்துக் கொடுக்காமல், அவன் முகம் பார்க்கும்வரை பத்து எண்ணிக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன். "பத்தெல்லாம் பத்தாது டாக்டர், நான் இருபது எண்ணுறேன்" என்றார். இன்னும் பேச்சு வரவில்லை. வாழைப்பழத்துக்கு விரல் நீட்டுகிறான்.

பிள்ளையை டாக்டரிடம் காட்ட வரும்போது பிரசவ டிஸ்சார்ஜ் தாளையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டி வராதீர்கள். வீட்டில் அது ஏதாவது கேட்கும்போது, தெரியாமல் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். முகம் மட்டும் போதாது, கையும் தெரிய வேண்டும்.