முகடு வரை ஒரே நாற்றா?

இந்தப் பருவமும் அதே கதைதான். காட்டை மீட்கப்போகிறோம் என்று ஓடைக்கரையில் தொடங்கி மலைமுகடு வரை ஷோரியா என்ற உயர்ந்த காட்டு மரத்தில் ஒரே வகை நாற்றை நட்டுவிடுகிறார்கள். மேல்வரிசைகள் கருகிய பிறகு, மண்ணில் ஏதாவது நோயா என்று கேட்டு எங்களை அழைக்கிறார்கள். நோய் ஏதும் இல்லை. அந்த மரத்துக்கு அது இடமில்லை.

இலங்கையின் ஈரவலயக் காடுகளில், குறிப்பாகச் சிங்கராஜ வனத்தில், ஷோரியாவின் டூனா பிரிவு மரங்கள் பல வளர்கின்றன. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. நாற்றாக இருக்கும்போது எங்களையே குழப்பிவிடும். நாற்றுப்பண்ணைப் பெயர்ச்சீட்டை நான் எப்போதும் பாதிதான் நம்புவேன்.

"எல்லாம் ஒரே குடும்பம், எதை நட்டால் என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. எதை நட்டாலும் ஒன்றுதான் என்றால் காட்டில் இத்தனை இனங்கள் எதற்கு நிற்கின்றன? இன்னும் சிலர், உறவு நெருங்கினால் போட்டியும் கடுமையாகும் என்று 1859-இல் டார்வினே எழுதினாரே, அப்படியானால் கடைசியில் ஒன்றுதானே மிஞ்சும், ஓர் இனம் போதாதா என்று மடக்குவார்கள். எழுதினார்தான். ஆனால் சிங்கராஜவில் 1993-இல் அளந்து குறித்த 25 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். பெரிய இலை கொண்ட ஷோரியா மெகிஸ்டோபில்லா ஈரம் தங்கும் தாழ்சரிவை நாடுகிறது. ஷோரியா வொர்திங்டோனி மண் சீக்கிரம் காயும் முகட்டில் நிற்கிறது. எல்லைகள் கோடு கிழித்தாற்போல இருக்காது, கலந்தும் வரும். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அதே வேகத்தில் வளராது. உறவாக இருந்தும் அவை சேர்ந்து வாழ இது ஒரு காரணம்.

மற்றொன்று, தாய்மரத்தடியிலேயே குவியும் கன்றுகளைப் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் கண்டுபிடித்து அழிப்பதால், அந்த இடம் வேறு இனங்களுக்குக் கிடைப்பது. 1970-களின் தொடக்கத்தில் ஜான்சன், கானல் என்ற இரு சூழலியலாளர்கள் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இது. எல்லா இனத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது; ஆனாலும் ஒரே இனத்தை நெருக்கி நடுவதற்கு முன் யோசிக்க வைக்கும்.

நடுவதற்கு முன் சரிவில் ஏறி இறங்குங்கள். பக்கத்துக் காட்டில் அதே உயரத்தில், அதே மண்ணில் எந்த வளர்ந்த மரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. இளங்கன்றை வெட்டவெளி வெயிலில் நிறுத்தாதீர்கள். வனத்தின் ஓரத்துப் பைனஸ் தோட்டங்களில் சில வரிசை மரங்களை அகற்றி, அந்த அரைநிழலில் நட்டுப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. விதை சேகரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த விதைகள் காய்ந்தால் செத்துவிடும், அடுத்த ஆண்டுக்கென்று சேமிக்க முடியாது. விழுந்த வேகத்தில் எடுத்து, எந்தச் சரிவில் எடுத்தீர்கள் என்பதைப் பையின் மேல் எழுதிவிட்டு, உடனே ஊன்றுங்கள்.